கேப்பில் இருந்த கோளாறு

என்னை நம்பி வண்டியை விட்ட ஒருவரின் ஆர்.எக்ஸ். 100 பைக்குக்குத் தேவையே இல்லாத ரீபோர் வேலையை, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலையைச் செய்து காசு வாங்கினேன். கோளாறு பிளக் கேப்பில் இருந்தது. அது தெரிந்த பிறகும் அவரிடம் சொல்லவில்லை. கோளாறைத் தவறாகக் கணிப்பது எந்த மெக்கானிக்குக்கும் நடக்கும். தெரிந்துகொண்டே மறைத்தேன் பாருங்கள், அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

அவர் காங்கேயம் பக்கத்துப் பால்காரர். விடியும் முன்னே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால் எடுத்து, வண்டியின் இருபுறமும் கேன் மாட்டிக்கொண்டு நேரத்துக்குள் சொசைட்டி போய்ச் சேர வேண்டும். மார்கழியில் பட்டறைக்கு வந்தார். “ஏனுங்க, பனி பேயறப்பத்தானுங்க மிஸ் அடிக்குது. வெயிலேறுனா தானாச் சரியாப் போயிருதுங்க” என்றார்.

பாதிக் கோளாறை அவரே சொல்லிவிட்டார். போர் தேய்ந்த வண்டி வெயில் ஏறியதும் சரியாகிவிடாது. பனி ஈரம் படிவது வெளியே, ஒயரிலும் கேப்பிலும். காயிலிலிருந்து வரும் மின்சாரத்துக்கு எப்போதும் சுலபமான வழிதான் வேண்டும். கேப்பில் ஒரு வெடிப்பு, அதில் கொஞ்சம் ஈரம் என்றால் பிளக்குக்குள் போகாமல் வெளியிலேயே ஹெட்டுக்குத் தாவிவிடும். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. வண்டியைப் பற்றிப் பால்காரருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் உள்ளே இருந்தது.

பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டினேன். மரையை ஹெட்டின் மேல் ஒட்டவைத்துக் கிக்கரை உதைத்தேன். நீலமாகப் பொறி விழுந்தது. “கரண்டு நல்லா வருதுங்க” என்று சொல்லிவிட்டேன். பட்டறைகளில் எல்லோரும் செய்கிற இந்தச் சோதனையை முழுதாக நம்பக் கூடாது. வெளிக்காற்றில் கிடக்கிற பிளக்கில் பொறி தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கம்ப்ரஷனில் அதே இடைவெளியைத் தாண்ட அதைப் போல மடங்கு கணக்கில் வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பிளக்குக்குள் வழி கடினமாகிறது, கேப்பின் வெடிப்பு வழி சுலபமாகிறது. வெளியே நன்றாக அடிக்கிற பொறி உள்ளே அடிக்காமல் போவது இதனால்தான். ரெசிஸ்டர் வைத்த கேப்பில் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் என் மேசை டிராயரிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

கார்புரேட்டரைக் கழுவினேன், புது பிளக் போட்டேன். வெயில் ஏறியிருந்ததால் வண்டி அருமையாக ஓடியது. மறுநாள் விடிகாலையில் பழையபடி மிஸ் அடித்திருக்கிறது. திரும்பி வந்தார். அப்போதுதான் ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டர் சுவரில் நெடுக்காகக் கோடுகள் இருந்தன. இத்தனை வருஷம் ஓடிய டூ ஸ்ட்ரோக் வண்டியில் கோடு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். போர் கேஜ் வைத்து அளக்காமல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “போர் போயிருச்சுங்க, ரீபோர் பண்ணிப் புது பிஸ்டன் போட்டுக்கலாமுங்க” என்றேன். “இதைப் பண்ணுனா மிஸ்ஸிங் நின்னுருமுங்களா?” என்று கேட்டார். “நின்னுருமுங்க” என்றேன்.

எந்த ஆதாரத்தில் அப்படிச் சொன்னேன் என்றால், ஆதாரமே கிடையாது. கேப் மாற்றினால் கேப்பின் விலைதான் கிடைக்கும், கூலி என்று வாய் திறந்து கேட்க முடியாது. ரீபோர் என்றால் பிஸ்டன், ரிங், லேத்து வேலை, இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கூலி. அந்தக் கணக்கு அப்போது என் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

காசு போனது மட்டுமாக இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்து முடித்துவிடலாம். 98 சிசி ஆர்.எக்ஸ். 100-இன் போர் 50 மில்லிமீட்டர். முதல் ரீபோரில் 0.25 மில்லிமீட்டர் கூட்டிக் கடைவார்கள். அப்படிப் பெரிதாக்கிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. கடைந்தெடுத்த இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி இது. அசல் சிலிண்டர் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அவருடைய சிலிண்டரின் ஆயுளில் ஒரு படியை நான் வீணாக்கிவிட்டேன்.

ரீபோர் முடிந்து வண்டி போனது. பனி விழுந்த அடுத்த காலையிலேயே மறுபடி மிஸ்ஸிங். பட்டறை வாசலில் நின்றுகொண்டு, கோபமே இல்லாமல், “புது பிஸ்டனுங்கறதுனால அப்படி இருக்குமுங்களா?” என்று அவரே கேட்டார். நான் தப்பிக்க ஒரு வழியை அந்த மனிதரே எடுத்துக் கொடுத்தார். நானும் பிடித்துக்கொண்டேன். “ஆமாங்க, செட் ஆகோணுமுங்க. வண்டிய விட்டுட்டுப் போங்க.”

இருட்டிய பின் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டேன். தண்ணீர் ஸ்பிரேயால் ஒயர் மேலும் கேப் மேலும் லேசாகப் பீய்ச்சினேன். கேப்பின் வாயிலிருந்து ஹெட்டின் தகட்டுக்கு நீலக் கோடு ஒன்று டிக் டிக்கென்று தாவியது. வண்டியை நிறுத்திக் கேப்பைத் திருகிக் கழற்றிப் பார்த்தால், ரப்பரின் உள்பக்கம் மயிரிழை அகலத்தில் கருகிய கோடு ஓடியிருந்தது. ஒயர் முனையின் செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடிந்திருந்தன. மீட்டரை வைத்தேன். கேப்பைக் கொஞ்சம் ஆட்டினாலே எண் எங்கெங்கோ தாவியது.

சரி செய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஒயர் முனையில் பளபளப்பான செம்பு தெரிகிற வரை சிறிது வெட்டினேன். இந்த வண்டியில் ஒயர் காயிலோடு சேர்த்தே வார்க்கப்பட்டது, உருவி மாற்ற முடியாது. இஷ்டத்துக்கு வெட்டிவிட்டு ஒயர் எட்டாமல் போனால் காயிலையே மாற்ற வேண்டும். கேப்பின் உள்ளே இருக்கிற ஸ்க்ரூ செம்பு இழைகளுக்கு நட்ட நடுவில் இறங்கும்படி புதுக் கேப்பைக் கடிகாரச் சுற்றில் இறுகத் திருகினேன். மறுபடி விளக்கை அணைத்துத் தண்ணீர் பீய்ச்சினேன். நீலக் கோடு இல்லை, மிஸ்ஸிங்கும் இல்லை.

காலையில் வந்தவர், “என்னங்க பண்ணுனீங்க?” என்று கேட்டார். “டியூனிங்தானுங்க” என்றேன். பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் சொல்லி, அவர் ஊர்ப் பக்கத்திலிருந்து ரீபோருக்கென்றே வண்டிகள் வரத் தொடங்கின. புது ஆட்கள் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது மிஸ்ஸிங் என்று எந்தப் பழைய வண்டி வந்தாலும் முதலில் கேப்பையும் ஒயரையும் மீட்டரில் பார்க்கிறேன். எப்போது மிஸ் அடிக்கிறது, பனியிலா, மழையிலா, சூடேறிய பிறகா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறேன். இதெல்லாம் பால்காரருடைய கடனை அடைக்காது. வாங்கிய முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன். அந்தச் சிலிண்டர் தேய்ந்து அடுத்த வேலைக்கு வரும்போது, ஸ்லீவ் இறக்கிப் பழைய 50 மில்லிமீட்டர் அளவுக்கே கொண்டுவர முடியும். அந்தச் செலவும் என்னுடையது. இனி என் கை அவர் வண்டியில் படக் கூடாது என்று அவர் நினைத்தால், வேறு பட்டறையில் செய்துகொள்ளட்டும். அங்கே ஆகும் கூலியையும் நான்தான் கட்டுவேன்.