கோல் காத்தவர்

விளையாட்டுப் பக்கத்தில் கோல் போட்டவருக்கே பெரிய எழுத்து. தடுத்தவருக்கு ஒரு வரிதான். எத்தனையோ பக்கங்களை அப்படி அமைத்த எனக்கு, கனடாவின் சமி ஜோ ஸ்மோல் மீது தனி மதிப்பு உண்டு.

2002 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனேடிய மகளிர் ஐஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளர்களுள் ஒருவர் இவர். 2007இல் சக வீராங்கனைகளுடன் சேர்ந்து கனேடிய மகளிர் ஹொக்கி லீக்கைத் தொடங்கினார். முதல் பத்தாண்டுகள் ஆடியவர்களுக்குச் சம்பளமே இல்லை. 2018இல் ரொறன்ரோ பியூரிஸ் அணியின் பொது முகாமையாளரானார். மறு ஆண்டே பணமின்றி லீக் மூடப்பட்டது. பின்னர் ரொறன்ரோ சிக்ஸ் அணியின் தலைவரானார். 2023இல் அவ்வணி கிண்ணம் வென்ற சில மாதங்களில் அந்த லீக்கும் விலைபோய் மறைந்தது.

2024 ஜனவரியில் தொடங்கிய புதிய லீக்கில் வீராங்கனைகளின் சம்பளம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சம்பளமின்றி ஆடியவர்களின் உழைப்பும் அந்த எழுத்துக்குள் இருக்கிறது.