கல்லட்டி மழை

நடுவட்டம் இறக்கத்தில்தான் விரல்கள் மரத்துப்போயின. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊட்டியில் கிளம்பும்போது வெறும் தூறல். பைக்காரா தாண்டியதும் முகத்தில் குத்துகிற மழை. டூர் ஆஃப் நீலகிரீஸ் என்று 2008இல் தொடங்கி, வழக்கமாக டிசம்பரில் நடக்கும் பல நாள் சைக்கிள் பயணம் அது. அதில் போனவர்கள் பெரும்பாலும் கல்லட்டி ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அன்றைய வழி, ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கி, தெப்பக்காடு, மசினகுடி சுற்றி, கல்லட்டி ஏறி மறுபடியும் ஊட்டி.

வழியில் ஒரு டீக்கடையில் பழைய பேப்பர் கேட்டு வாங்கி, நாலாக மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கூட வந்த பெங்களூர் தம்பிக்கு ஆச்சரியம். "ஐரோப்பாவுல ரேஸ்காரங்க செய்யறதுண்ணா இது, எங்க படிச்சீங்க?" என்றான். எங்கேயும் படிக்கவில்லை. எங்கள் நைனா செய்வார்.

மார்கழியில் மூன்றாவது ஷிப்டு என்றால் சட்டைக்குள் தினத்தந்தி போகும். காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் லேலண்டு தொழிற்சாலை வரைக்கும் கடலோரமாகவே மிதிக்க வேண்டும். அம்பத்தூரில் செய்த ஹெர்குலஸ், கேரியரில் டிபன் பாக்ஸ், ஹேண்டில் பாரில் பாலிதீன் சுற்றிய டார்ச். போகும்போது வாடைக்காற்று நேர் எதிரே அடிக்கும். புயல் சின்னம் என்று ரேடியோ சொன்ன இரவிலும் அவர் கிளம்புவார். அம்மா வாசலில் நின்று, "இன்னிக்கி லீவு போட்டா என்ன?" என்பாள். அவர் பேன்ட்டின் கால் செயினில் மாட்டாமலிருக்கக் கிளிப் போட்டுக்கொண்டே, "செட்ல ஆள் கம்மி" என்பார். திரும்பி வரும்போது காற்று முதுகில் இருக்கும். அதை மட்டும் சந்தோஷமாகச் சொல்வார்.

நான் பழகியதும் அதே ரோட்டில்தான். வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். மலைக்குத் தயாராக ஏற்றத்துக்கு எங்கே போவது? ஐப்பசி, கார்த்திகை வாடையில் வடக்கே பார்த்து மிதித்தால் போதும். எர்ணாவூர் தாண்டினால் தொடை கெஞ்சும். புறப்படுவதற்கு முன் வண்டியைத் தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் மலைக்குப் போனவரில்லை. பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏத்தத்த உன் காலு பாத்துக்கும். எறக்கத்த இந்தக் கட்டைதான் பாக்கணும். புச்சா போட்டுக்கினு போ" என்றார். ரிம்மில் சேறும் தண்ணீருமாக நடுவட்டத்தில் இறங்கியபோது அவரை நினைக்காத வளைவே இல்லை.

இறக்கத்துக் குளிர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1988 ஜூன் 5. இத்தாலியில் நடக்கும் ஜீரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் காவியா கணவாய். 2,600 மீட்டருக்கு மேல், பனிமழை. முதலில் உச்சியைத் தொட்ட வான் டெர் வெல்டே என்ற வீரர் அரைக்கைச் சட்டையோடு இருந்தார். இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்றுவிட்டார். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் போனது. அதே பந்தயத்தில் இருந்த ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியினர் காலையிலேயே கடைகளில் கம்பளிக் கையுறை வாங்கி வைத்திருந்தார்கள். அன்று அவர் இரண்டாவதாகத்தான் வந்தார், ஆனால் முன்னணி வீரருக்கான இளஞ்சிவப்புச் சட்டை அவருக்குப் போனது, பந்தயத்தையும் வென்றார். ஏறும்போது உடம்பே அடுப்பு. இறங்கும்போது காலுக்கு வேலையில்லை, நனைந்த துணியில் காற்று அடிக்கிறது, சூடு போய்விடுகிறது. இந்த விஷயம் எங்கள் நைனாவுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

மசினகுடியில் மழை விட்டதுபோல் இருந்தது. கல்லட்டி தொடங்கியதும் மறுபடி பிடித்துக்கொண்டது. 36 கொண்டை ஊசி வளைவுகள். தார் ரோட்டின் மேல் செம்மண் தண்ணீர் எதிரே ஓடிவர, முன் டயர் அதைக் கிழித்துக்கொண்டு போனது. செயினில் மணல் ஏறி ஒவ்வொரு மிதிக்கும் அரைபட்டது. சிலர் இறங்கித் தள்ளினார்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை, அந்தச் சரிவு அப்படி. என் முழங்கையிலிருந்து ஆவி எழுந்ததைப் பார்த்தேன். வளைவுப் பலகைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, வாடையில் எர்ணாவூர் தாண்டுவதாக நினைத்துக்கொண்டேன். தலைகுந்தாவில் யூகலிப்டஸ் வாசனை வந்ததும் அழுகை வந்துவிட்டது. ஊட்டியில் ஜெர்சியைக் கழற்றினால் பேப்பர் கூழாகியிருந்தது. மை நெஞ்சில் ஒட்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று எங்களுக்குப் பின்னால் உதவி வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, வளைவில் நின்று வாழைப்பழம் கொடுக்க ஆள் இருந்தது. கஷ்டம் நிஜம்தான், ஆனால் அது நாங்களாகக் கேட்டு வாங்கிய கஷ்டம். எண்ணூர் விரைவுச் சாலையில் இன்றும் விடியற்காலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். ஒருபக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை. டிரெய்லர் ஒன்று உரசினாற்போல் தாண்டும்போது சக்கரத்திலிருந்து அடிக்கும் தண்ணீரில் கண் தெரியாமல் போகும் அந்த இரண்டு நொடி, கல்லட்டியில் எனக்கு ஒருமுறையும் நேரவில்லை.

துறைமுகத்துக்காக அந்தச் சாலையை அகலமாக்கினார்கள். சைக்கிளுக்கும் அதில் ஒரு தனித்தடம் வேண்டும். மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் இதைச் செய்து தர வேண்டும். அதுவரைக்கும், அந்த வழியாக டிரெய்லர் ஓட்டும் அண்ணன்மார்களே, மழை நாளில் ஒரு சைக்கிளைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, ஓராள் அகலம் இடம் விட்டுப் போங்கள்.