நன்னம்பிக்கை முனையைக் காணாத சிட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

'சோனோட்ரீக்கியா கேப்பென்சிஸ்' என்பது அதன் அறிவியற் பெயர். செங்கழுத்துச் சிட்டு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். 'கேப்பென்சிஸ்' என்றால் நன்னம்பிக்கை முனையைச் சேர்ந்தது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இப்பறவை ஆப்பிரிக்காவிலேயே இல்லை! மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைகள் தொடங்கித் தென்னமெரிக்காவின் தென்கோடி வரை வாழ்வது இது. 1776-இல் ஸ்டேட்டியஸ் முல்லர் பெயரிட்டபோது ஊர் மாறிப்போயிற்று. பின்வந்தோர் ஊரைக் கயென் என்று திருத்தினர், பெயரைத் தொடவில்லை. முதலில் இட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. பள்ளியில் சேர்த்த அன்று யாரோ எழுதிய பிறந்த தேதியைச் சுமந்து திரியும் என் போன்றோருக்கு இது எளிதில் விளங்கும்.

இந்த ஓர் இனத்துக்குள் 25-க்கும் மேற்பட்ட கிளையினங்கள் பிரித்திருக்கிறார்கள். தெற்கே உள்ள 'ஆஸ்ட்ராலிஸ்' கிளையினத்துக்குத் தலையில் கருங்கோடுகள் இல்லை; சாம்பல் தலை. வெனிசுலாவின் நெப்லினா மலையில் வாழ்வதற்கு 1955-இல் 'இன்அக்செசிபிலிஸ்' என்று பெயரிட்டனர். எளிதில் எட்ட முடியாதது என்று பொருள். நல்ல பெயர்!

விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஆடு மேய்ப்பவர். மறை, செவலை, சுட்டி என்று ஆடுகளை நிறத்தால் அழைப்பவர், நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டும் சேர்ந்து குஞ்சு பொரிக்குமா?"

"பொரிக்கும்னு நெனக்கிறதாலதான் ஒரே இனம்னு வச்சிருக்காங்கப்பா."

"அந்த மல உச்சியில இருக்கிறது கீழ எறங்கி வந்து சேந்துச்சா? யாரு பாத்தா?"

நண்பர்களே, வகைப்பாட்டியலின் தீராத சிக்கலே இதுதான். தனித்தனி மலைகளில் பிரிந்து வாழும் கூட்டங்கள் சேருமா என்று காட்டில் பார்க்க வழியில்லை. இறகை அளந்து முடிவு கட்டுகிறோம். 2013-இல் வெளியான மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஆய்விலோ மூன்று பெருங்கிளைகளே தெரிந்தன.

இறகை விடப் பாட்டே என்னை ஈர்க்கிறது. அர்ஜென்டினாவில் இச்சிட்டின் பாட்டுக்கு வட்டார வழக்கு உண்டென்று 1969-இல் நாட்டெபாம் எழுதினார். இளம் பறவை கேட்டுத்தான் கற்கிறது. பாட்டின் முடிவில் வரும் அதிர்வு அடர்ந்த காட்டில் மெதுவாகவும், திறந்த வெளியில் விரைவாகவும் ஒலிக்கிறது. பின்னர் ஹேண்ட்ஃபோர்ட் ஆராய்ந்தபோது, காடு அழிந்து வயலாகிவிட்ட இடங்களிலும் பழைய காட்டின் மெட்டையே அவை பாடிக்கொண்டிருந்தன.