சைடு வருமானமும் கால் பவர் கண்ணாடியும்!

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிற ஆளா நீங்க? கையைக் கொடுங்க பாஸ், நாம ஒரே கட்சி!

ரெண்டு வருஷம் முன்னால நானும் அப்படித்தான். ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் கிளாஸ். சார் போர்டில் போட்ட இன்டக்ரேஷன் எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சது. லீவுக்கு ஊருக்குப் போனப்போ, அப்பா ஒரு கண் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனார். செம கூட்டம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் மூணு நிமிஷம் பார்த்தார். 'மைனஸ் ஒண்ணேகால்' என்றார். சீட்டில் எழுதினார். அந்தச் சீட்டு எங்க கைக்கு வரவே இல்லை. நர்ஸ் அக்கா வாங்கிக்கிட்டு, "கீழ நம்ம கடைதான், அங்க கொடுத்துடறோம், போங்க" என்றார்.

கீழே போனால் கண்ணாடிக் கடை. பில் 3,800 ரூபாய்!

எங்கப்பா டெய்லர். ஒரு பேன்ட் தைச்சா அவர் கையில என்ன நிக்கும்னு எனக்குத் தெரியும். அந்த பில்லுக்குள்ள எத்தனை பேன்ட் இருக்குன்னு மனசு தானா கணக்குப் போட்டுச்சு. "சீட்டைக் கொடுங்கம்மா, வெளியிலயும் ஒரு வார்த்தை விசாரிச்சுக்கறேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் அப்பா. "சீட்டெல்லாம் தர்றதில்லை சார்" என்று பதில் வந்தது. அப்பா பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "அளவெடுத்தது அவரா இருக்கலாம். ஆனா அளவு உன்னோடதுடா. நான் அளவெடுத்துட்டு சீட்டை ஒளிச்சு வெச்சா, எவனாவது என் கடைப் படி ஏறுவானா?"

அப்புறம் காலேஜ் இருக்கிற ஊரில், அதே பவருக்கு, கிட்டத்தட்ட அதே மாதிரி ஃப்ரேமுக்கு, ஒரு கடையில் விலை கேட்டேன். 1,400 ரூபாய். அன்னிக்கு வந்த கோபம் இன்னும் அடங்கலை. (கிளினிக் பேர் கேக்காதீங்க. சண்டை போட இதை எழுதலை!)

இந்த நிலைமையில்தான், இன்டர்னா சேர்ந்த எனக்கு எடிட்டர் சார் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார். "கண் டாக்டர்கள் பிராக்டீஸுக்கு வெளியில எப்படியெல்லாம் கூடுதலா சம்பாதிக்க முடியும்? விசாரிச்சு எழுதுப்பா."

விடுவேனா? 'மாட்டினாங்கடா!'ன்னு கிளம்பிட்டேன்.

ரூம்மேட்டோட சித்தி ஒரு விழித்திரை டாக்டர். ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் ஃப்ரீன்னு வரச் சொன்னாங்க. போனா, சோபாவில் கால் நீட்டி, மடியில் லேப்டாப் வெச்சு ஏதோ வேலை பார்த்துட்டு இருந்தாங்க.

நான் எடுத்த எடுப்பில், "மேடம், டாக்டர்களுக்கு எதுக்கு சைடு வருமானம்? மெயின் வருமானமே பத்தாதா?" என்று கேட்டுட்டேன். ரூம்மேட் என் காலை மிதிச்சான்.

அவங்க சிரிச்சாங்க. "கணக்குப் போடு தம்பி. எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போட அஞ்சரை வருஷம். எம்.எஸ். மூணு வருஷம். அதுக்கு மேல ரெட்டினா படிக்க ஃபெல்லோஷிப். நீ பிளேஸ் ஆகி, முதல் சம்பளத்துல அப்பாவுக்குச் சட்டை எடுக்கும்போது, உன் வயசு டாக்டர் ஹாஸ்டல் மெஸ்லதான் சாப்பிட்டுட்டு இருப்பா. முடிச்சு வெளிய வந்து கிளினிக் போட்டா, ஒவ்வொரு மெஷினுக்கும் லோன். ஆள் வந்தாலும் வராட்டியும் மாசம் பொறந்தா ட்யூ கட்டணும். சைடு வருமானம் ஆசையில மட்டும் வர்றதில்லப்பா."

எங்கப்பாவுக்குச் சட்டை எடுத்தா, டெய்லருக்கே ரெடிமேடான்னு திட்டுவார். அது வேற கதை. ஆனா இந்தக் கணக்கு எனக்குப் புதுசு.

அப்புறம் மேடம் ஒவ்வொண்ணா அடுக்கினாங்க. நோட்ஸ் எடுத்துக்கங்க, மெடிக்கல் படிக்கிற ஃப்ரெண்டு இருந்தா உதவும்!

முதல்ல, நமக்கெல்லாம் தெரிஞ்சது. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் டூட்டி முடிஞ்ச பிறகு தனியா கிளினிக் நடத்த அனுமதி உண்டு. அடுத்து, சொந்தமா ஆபரேஷன் தியேட்டர் இல்லாத டாக்டர்கள் வேற ஆஸ்பத்திரிகளுக்குப் போய், ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு செய்து கொடுப்பாங்க. பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் பாடம் எடுக்கலாம். புத்தகம் எழுதலாம்: ஏ.கே.குரானா எழுதின கண் மருத்துவப் புத்தகம் இல்லாத எம்.பி.பி.எஸ். ஹாஸ்டல் ரூம் அபூர்வம். 2020 மார்ச்சில் மத்திய அரசு டெலிமெடிசினுக்கு வழிமுறை கொண்டு வந்த பிறகு, வீட்டிலிருந்தே வீடியோவில் ஆலோசனை சொல்லலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு கிளெய்ம் பார்த்துக் கருத்து சொல்லலாம். புது மருந்து ஆராய்ச்சியில் பங்கெடுக்கலாம். கருவி கண்டுபிடிச்சு பேட்டன்ட்கூட வாங்கலாம்.

"கதை எழுதியும் சம்பாதிக்கலாம்" என்று கண்ணடிச்சாங்க. ஷெர்லக் ஹோம்ஸைப் படைச்ச ஆர்தர் கானன் டாய்ல் ஒரு கண் டாக்டர்னு உங்களுக்குத் தெரியுமா? 1891-ல் வியன்னா போய் கண் மருத்துவம் படிச்சுட்டு, லண்டனில் கிளினிக் திறந்தார். ஒரு ஈ காக்கா வரலை. ஒரு நோயாளிகூட படி ஏறலைன்னு அவரே சுயசரிதையில் எழுதியிருக்கார். சும்மா உட்கார்ந்த நேரத்தில் பத்திரிகைக்கு ஹோம்ஸ் கதைகள் எழுதினார். சைடு மெயினாச்சு. அந்த வருஷமே மருத்துவத்துக்கு டாட்டா!

இன்னொண்ணு, சினிமாக்காரங்க முகச்சுருக்கம் போகப் போடற போடாக்ஸ் ஊசி. அது கண் டாக்டர் கைவேலை. மாறுகண்ணை ஆபரேஷன் இல்லாம சரிபண்ண முடியுமான்னு தேடின ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் உருவாக்கின மருந்து. 1989-ல் மாறுகண்ணுக்கும், கண் இமை இழுத்துக்கற நோய்க்கும்தான் அங்கே அனுமதி கிடைச்சது. கனடாவில் ஜீன் கர்ருதர்ஸ் என்ற கண் டாக்டர் இமை நோய்க்கு அந்த ஊசி போட்டப்போதான், புருவத்துக்கு நடுவில் இருந்த சுருக்கமும் காணாமல் போறதைக் கவனிச்சார். மிச்சம், இன்னிக்கு உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்.

"சரி மேடம், நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாங்க.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கறுப்பு ஸ்க்ரீனில் ஆரஞ்சு கலர் வட்டம், அதுக்குள்ள மரக்கிளை மாதிரி ரத்தக் குழாய்கள். விழித்திரை போட்டோ! ஒவ்வொரு போட்டோவுக்கும் பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து நாலு வரைக்கும் ஒரு நம்பர் போடறாங்க. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கா, எந்த அளவுக்குக் கெட்டிருக்குங்கறதுக்கு அந்த நம்பர். பூஜ்யம்னா பாதிப்பில்லை. நாலுன்னா பார்வைக்கே ஆபத்து. கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுக்க, ஒரு கம்பெனி காசு கொடுத்து இந்த வேலையை வாங்குது.

தூக்கிவாரிப்போடக் காரணம் இருக்கு. நான் இ.சி.இ. எங்க செட்டில் மினி புராஜெக்ட்டுக்கு நாங்க எடுத்தது இதே சமாசாரம்தான். 2019-ல் ஒரு போட்டிக்காக இணையத்தில் வெளியிட்ட டேட்டா. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை எடுத்த விழித்திரைப் படங்கள், பயிற்சிக்கு மட்டும் 3,662. கூடவே ஒரு ஃபைல். அதில் 'டயக்னோசிஸ்'னு ஒரு காலம். பூஜ்யம், ரெண்டு, நாலு, ஒண்ணுன்னு வரிசையா நம்பர். டவுன்லோட் பண்ணினோம், மாடலை ஓட்டினோம், மார்க் வாங்கினோம். அந்த நம்பரை யாரோ ஒரு டாக்டர் கண்ணு வலிக்க வலிக்க உட்கார்ந்து போட்டிருப்பாங்கன்னு ஒரு நாளும் தோணலை.

2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதே விஷயத்தில் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டாங்க. கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுத்த படங்கள் 1,28,175. ஒவ்வொரு படத்தையும் மூணு முதல் ஏழு தடவை வரைக்கும் பார்த்துத் தரம் பிரிச்சவங்க 54 கண் டாக்டர்கள். நாம 'ஏ.ஐ. கண்டுபிடிச்சிருச்சு'ன்னு ஒரே வரியில் சொல்லிட்டுப் போயிடறோம்!

"இதுல எனக்கு ஒரு நிம்மதி இருக்கு" என்றாங்க மேடம். "இந்தப் படத்துல ரெண்டு போட்டாலும் நாலு போட்டாலும் எனக்கு ஒரே காசு. உண்மையைத் தவிர வேற எதையும் எழுத எனக்கு ஆசை வராது."

அப்பதான் என் 3,800 ரூபாய் கதையைக் கொட்டினேன். அப்பா கேட்டது, சீட்டு தராதது எல்லாம். முழுசாக் கேட்டாங்க. கொஞ்ச நேரம் பேசலை.

"நானும் வாங்கியிருக்கேன்ப்பா."

நான் எதிர்பார்க்கலை.

"கிளினிக் போட்ட புதுசு. பக்கத்து கண்ணாடிக் கடைக்காரர் மாசக் கடைசியில ஒரு கவர் கொண்டு வருவார். வாடகைக்கு உதவுச்சு. எல்லாரும் வாங்கறதுதானேன்னு நானும் வாங்கினேன். ஒரு நாள் ஆறாங்கிளாஸ் பையன் ஒருத்தன். தலைவலின்னு அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. பார்த்தா வெறும் கால் பவர். பார்வை தெளிவா இருக்கு, கண்ணாடி தேவையே இல்லை. ஒழுங்காத் தூங்குடா, டி.வி. கம்மி பண்ணுன்னு சொல்லி அனுப்பணும். ஆனா என் கை கண்ணாடின்னு எழுதிருச்சு. யோசிச்சு எழுதலை தம்பி. பேனா தானா எழுதிருச்சு. அவங்கம்மா முந்தானையில முடிஞ்சிருந்த காசை அவிழ்த்து எண்ணினாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மறு மாசம் கவர் வேண்டாம்னுட்டேன்."

இதுக்கு சட்டமும் இருக்கு. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் வருஷ நடத்தை விதிகள்படி, நோயாளியை அனுப்பறதுக்காக டாக்டர் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 2023 ஆகஸ்ட்டில் புது விதிகள் வந்து, அதே மாசம் நிறுத்தி வெச்சு, பழைய விதிகளே திரும்ப அமலுக்கு வந்தது. தன்னோட நோயாளிக்கு மருந்தோ சாதனமோ கொடுக்கறதை அந்த விதி தப்புன்னு சொல்லலை. சுரண்டக் கூடாதுங்கறதுதான் நிபந்தனை. ஆக, கிளினிக்குக்குக் கீழ கடை இருக்கறதால மட்டும் குற்றம் ஆகிடாது. சீட்டை ஒளிக்கறதும், தேவையில்லாததை எழுதறதும்தான் பிரச்னை.

"சைடுல எது செய்யறதுன்னாலும் ரெண்டு கேள்வி கேட்டுக்குவேன்" என்றாங்க மேடம். "இந்தக் காசு யார் பாக்கெட்ல இருந்து வருது? அது அவங்களுக்குத் தெரியுமா? ஆமா... நீ சைடுல ஏதாச்சும் பண்றியா?"

ரூம்மேட் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

பண்றேன் ஃப்ரெண்ட்ஸ். அந்த விழித்திரை புராஜெக்ட் இருக்கே, அதைக் கலர் மாத்தி, தலைப்பு மாத்தி, மூணு ஜூனியர் டீமுக்கு வித்திருக்கேன். ஒண்ணு 3,000 ரூபாய். கோட், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் சேர்த்து. 'வைவா'வில் கேட்கற கேள்விக்கு பதில்கூட எழுதிக் கொடுத்தேன். யார் பாக்கெட்? பசங்களோட அப்பாக்கள் பாக்கெட். அவங்களுக்குத் தெரியுமா? 'புராஜெக்ட் ஃபீஸ்'னு சொல்லி வாங்கியிருப்பாங்க. அதில் ஒரு அப்பா டெய்லராக்கூட இருக்கலாம்.

அம்பு எய்யப் போனவன், அதை நெஞ்சில் வாங்கிட்டுத் திரும்பி வந்தேன்.

போன வாரம் இன்னொரு டீம் வந்தது. "கோட் தர மாட்டேன். சனிக்கிழமை உட்காருங்க, சொல்லித் தர்றேன். மணிக்கு 150 ரூபாய்"னு சொன்னேன். நாலு பேரில் ரெண்டு பேர் வேற சீனியரைத் தேடிப் போயிட்டாங்க. மிச்ச ரெண்டு பேர் வந்தாங்க. வருமானம் அடி வாங்கினது உண்மைதான்.

உங்களுக்கு ஒரே ஒரு ரிக்வெஸ்ட். கண் டெஸ்ட் முடிஞ்சா, சீட்டைக் கேட்டு வாங்குங்க. ரெண்டு கண்ணுக்கும் பவர் என்ன, சிலிண்டர் இருக்கா, இருந்தா எந்த ஆக்சிஸ்னு அதில் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. அப்புறம் எந்தக் கடையில் வாங்கறதுங்கறது உங்க இஷ்டம்.

எங்கப்பாவுக்கும் இப்ப வெள்ளெழுத்து. ஊசியில் நூல் கோக்க, கையை நீட்டி நீட்டிப் பார்க்கறார். மேடமே டெஸ்ட் பண்ணினாங்க. பவரை எழுதி, சீட்டைக் கிழிச்சு, அப்பா கையிலேயே கொடுத்தாங்க. எந்தக் கடைன்னு சொல்லலை. இந்தக் கட்டுரைக்கு வரப்போற காசில்தான் கண்ணாடி.

அப்பா அந்தச் சீட்டை ரெண்டு தடவை பார்த்தார். நாலா மடிச்சு, சட்டைப் பையில் இருந்த அளவு நோட்டுக்குள்ள பத்திரமா வெச்சுக்கிட்டார்.