இரவு பத்து மணிக்குப் பசிக்கும் ஊர்: அம்மாவோடு மாட்ரிட்டில் ஐந்து நாட்கள்

"சமையலறை எட்டரைக்குத்தான் திறக்கும்" என்று மூன்றாவது ஹோட்டல்காரரும் விரல்களைக் காட்டிச் சொன்னபோது, அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அது ஜூன் மாதக் கடைசி. மாட்ரிட்டில் எங்களுக்கு முதல் நாள். மணி மாலை ஆறரை. வெயில் மட்டும் நம் ஊர் மூன்று மணி வெயில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு வயது 68. ஏழரைக்கு இரண்டு இட்லி, எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பதுக்குப் படுக்கை. அப்பா போன பிறகு இந்த இரண்டு வருடங்களில் அந்த அட்டவணை ஒரு நாள்கூட மாறியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வாசல் கேட்டைத் தாண்டியதும் இல்லை. டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். "எங்கேயாவது கூட்டிட்டுப் போறேம்மா" என்று நான் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் "சரி, உனக்காக வர்றேன்" என்று கிளம்பிய பயணம் இது. முதல் நாளே சாப்பாட்டுக்கு அலைய விட்டுவிட்டேன்.

கடைசியில், வாசலிலேயே சாப்பாட்டுப் படங்களை ஒட்டியிருந்த ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். காய்கறி பயெய்யா என்று மஞ்சளாக ஒரு சோறு வந்தது. ஓரத்தில் சூடு, நடுவில் ஜில். பில்லைப் பார்த்த அம்மா, மனசுக்குள் ரூபாயில் பெருக்கிவிட்டு, "இதுக்காடி இவ்வளவு தூரம் பறந்து வந்தோம்?" என்றார். பயெய்யா என்பது வாலென்சியா பக்கத்துச் சாப்பாடு, அதையும் ஸ்பெயின்காரர்கள் மதியத்தில்தான் சாப்பிடுவார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். என் போனில் மணிவாரியாகப் பட்டியல் வைத்திருந்தேன். ஒன்பதுக்கு அரண்மனை, பதினொன்றரைக்குத் தேவாலயம், பன்னிரண்டுக்குச் சாப்பாடு. பன்னிரண்டுக்கு எந்த ஊர்க்காரரும் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

அன்று ராத்திரி, நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறைப் பெண் என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார். "பிரச்னை சாப்பாடு இல்லை, கடிகாரம்" என்றார்.

அது நிஜம்தான். வரைபடத்தைப் பாருங்கள், ஸ்பெயின் இருப்பது லண்டனுக்கு நேர் கீழே. ஆனால் 1940-ல் பிராங்கோவின் ஆட்சி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்துக்குக் கொண்டுபோனது. போர் முடிந்தும் யாரும் திருப்பி வைக்கவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுகிறது. அதனால் ஜூன் மாத மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் இரண்டேகாலுக்கு! அஸ்தமனம் இரவு ஒன்பதே முக்காலுக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் ஏழரை மணி இட்லி நேரம்தான் இவர்களுடைய பத்து மணி. சூரியனைக் கேட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ மாத்திரை?" என்றார்.

அதற்கும் இந்த ஊரில் வழி இருக்கிறது. காலையில் காபியும் ரொட்டியும். பதினொரு மணி வாக்கில் ஒரு கடி. இரண்டு, இரண்டரைக்குப் பெரிய சாப்பாடு. மாலை ஆறரைக்கு 'மெரியெண்டா' என்கிற சிற்றுண்டி. அப்புறம் ஒன்பதரை, பத்துக்கு லேசான இரவு உணவு. "நம்மளவிட அதிகமாச் சாப்பிடறாங்களே!" என்று அம்மா வியந்தார். ஊரிலுள்ள டாக்டருக்கு போன் செய்து கேட்டுக்கொண்டு, மாத்திரையையும் தள்ளி வைத்தோம். என் பட்டியலை அழித்தேன். மூன்றாம் நாளில்தான் எங்களுக்கு மாட்ரிட் தொடங்கியது.

அது ஞாயிற்றுக்கிழமை. மாட்ரிட்டில் ஞாயிறு என்றால் எல் ராஸ்ட்ரோ. ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும், காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை கூடும் தெருச்சந்தை. பல நூற்றாண்டுப் பழசு. இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் இறைச்சிக் கூடங்களும் தோல் பதனிடும் இடங்களும் இருந்தன. சந்தையின் முக்கியத் தெருவுக்குப் பெயரே ரிபேரா டெ குர்த்திதோரெஸ், அதாவது தோல் பதனிடுவோர் கரை. 'ராஸ்ட்ரோ' என்றால் தடம். இழுத்துச் செல்லப்பட்ட மாடுகளின் ரத்தத் தடத்திலிருந்து வந்த பெயர் என்று ஊரில் சொல்கிறார்கள்.

முக்கியத் தெருவில் இருப்பதெல்லாம் டி-ஷர்ட், கைப்பை, தொப்பி. அங்கே நேரத்தை விடாதீர்கள். பக்கத்துச் சந்துகளுக்குள் நுழையுங்கள். ஒரு சந்தில் ஓவியங்கள். இன்னொன்றில் பழைய பூட்டு, சாவி, கேமரா, கால் உடைந்த நாற்காலி. கீழே ஒரு சதுக்கத்தில் சின்னப் பையன்களும் தாத்தாக்களும் எதிரெதிரே நின்று கால்பந்து வீரர்களின் ஸ்டிக்கர்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் பட்டியல், முகத்தில் பங்குச்சந்தைக்காரரின் தீவிரம்! பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. பதினொன்றுக்கு மேல் நெரிசல். கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். ஜேப்படி பயம் உண்டு.

ஒரு கடை முன்னால் அம்மா நின்றுவிட்டார். கையால் சுற்றும் பழைய காபி அரைவை. அடியில் மரப்பெட்டி, அதில் குட்டி இழுப்பறை, மேலே இரும்புக் கைப்பிடி. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கொட்டை வறுத்து அரைத்துக் காபி போடுவார். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. கடைக்காரர் 25 யூரோ என்று எழுதிக் காட்டினார். அம்மா பேனாவை வாங்கி அதன் கீழே 10 என்று எழுதினார். அவர் நெஞ்சில் கை வைத்து மயங்கி விழுவதுபோல் நடித்தார். அம்மா சுத்தமான திருச்சித் தமிழில், "கைப்பிடி ஆடுது பாருங்க, இதுக்கு இருபத்தஞ்சா?" என்றார். காந்தி மார்க்கெட் பழக்கம். 15-க்கு முடிந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா பேரம் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

சந்தை முடிந்ததும் எல்லோரும் அப்படியே மேலே லா லத்தீனா பகுதிக்கு நடக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 'வெர்முட் நேரம்'. மூலிகை போட்ட ஒயின்தான் வெர்முட். குழாயிலிருந்து பிடித்து, ஆரஞ்சுத் துண்டு போட்டுத் தருவார்கள். கூடவே ஆலிவ் காய் வரும். குடிக்காதவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. 'மோஸ்டோ' என்று கேளுங்கள், திராட்சைச் சாறு. அங்குள்ள குழந்தைகள் குடிப்பதும் அதுதான். கிளாஸும் ஆலிவும் அதே அழகில் வரும். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று மூன்று தலைமுறையும் பாரில் நின்று சளசளவென்று பேசுகிறது. பார் என்ற சொல்லுக்கு நம் மனதில் இருக்கும் படத்தை இங்கே கழற்றி வைத்துவிட வேண்டும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா முட்டை சாப்பிடுவார். மீன், கறி கிடையாது. 'சின் கார்னே' என்றால் கறி இல்லாமல். ஆனால் அது மட்டும் போதாது. பன்றித் தொடைக் கறியான 'ஹமோன்' பலருக்குக் கறிக்கணக்கிலேயே வராது. காய்கறி என்று நம்பி வாங்கிய தட்டில் அது பொடிப்பொடியாகக் கிடக்கும். 'சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெஸ்காதோ என்றால் மீன். அம்மாவை வாழவைத்தது தோர்த்தியா. உருளைக்கிழங்கை ஆலிவ் எண்ணெயில் வேகவிட்டு, முட்டையோடு சேர்த்து அடைபோலத் தடிமனாக வார்த்தது. வெங்காயம் போடலாமா கூடாதா என்று அந்த நாட்டில் தீராத சண்டையே உண்டு. அம்மா வெங்காயக் கட்சி. அடுத்தது பாத்ரோன் மிளகாய். குட்டி பச்சை மிளகாயை எண்ணெயில் பொரித்து, கல் உப்பு தூவித் தருவார்கள். பெரும்பாலும் காரமே இருக்காது, எப்போதாவது ஒன்று மட்டும் சுரீரென்று ஏறும். பக்கத்து மேசைக்காரர் ஒன்றில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குத் தவித்தபோது, அம்மா அதே தட்டிலிருந்து நாலைந்தை நிதானமாக மென்றார்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். மாட்ரிட் குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும். கேட்டால் உணவகங்கள் இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-லிருந்து சட்டமே இருக்கிறது.

சாப்பிட்டு முடித்தோம். வழக்கம்போல நான் பில்லுக்குக் கையைத் தூக்கினேன். சுற்றிலும் பார்த்தால் யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டுகள் போய்விட்டன, காபி வந்துவிட்டது, பேச்சு மட்டும் ஓடுகிறது. இதற்கு 'சோப்ரெமேசா' என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பது. நீங்களாகக் கேட்காமல் பில் வராது. அது அலட்சியம் இல்லை, மரியாதை. அம்மா அந்த மேசையில் ஒன்றரை மணி நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். கல்யாணமான புதிதில் இருவரும் கொடைக்கானல் போய், கையில் காசு தீர்ந்து, பன்னும் டீயுமாக ஒரு நாளை ஓட்டிய கதை. எனக்கு அதுவரை தெரியாத கதை.

மெரியெண்டாவுக்கு ஒரு நாள் சான் ஹினேஸ் போனோம். 1894-லிருந்து இருக்கும் சாக்லேட் கடை, புவெர்தா டெல் சோல் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில். ஆறு சுர்ரோஸும் ஒரு கோப்பை சாக்லேட்டும் வரும். சுர்ரோஸ் என்பது மாவைப் பிழிந்து பொரித்தது, நம் முறுக்குக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் உள்ளே மெத்து. சாக்லேட்டைக் குடிக்கக் கூடாது, அது பாயசத்தைவிடக் கெட்டி. தோய்த்துத்தான் சாப்பிட வேண்டும். வரிசையைப் பார்த்து மிரளாதீர்கள், சீக்கிரம் நகரும்.

பிராதோ அருங்காட்சியகம் மாலையில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். திங்கள் முதல் சனி வரை ஆறு முதல் எட்டு, ஞாயிறு ஐந்து முதல் ஏழு. வரிசை நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல் மூன்று படங்களை முடிவுசெய்துகொண்டு போங்கள். வெலாஸ்குவெஸ் 1656-ல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' அதில் ஒன்றாக இருக்கட்டும். குட்டி இளவரசி, தோழிகள், நாய், கையில் தூரிகையோடு ஓவியரே ஓரமாக. "வரையறவன் நம்மளத்தானே பார்க்கறான்?" என்றார் அம்மா. அந்தப் படத்தைப் பற்றி அறிஞர்கள் முந்நூற்றைம்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்வதும் அதே கேள்விக்காகத்தான்.

ரெத்திரோ பூங்காவின் ஏரியில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். நான் துடுப்புப் போட்டு ஒரே இடத்தில் சுற்றிய கதை வேண்டாம்.

நான்காம் நாள் மாலை தெபோத் கோயிலுக்குப் போனோம். மாட்ரிட் நடுவில், எகிப்திலிருந்து வந்த, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழமையான கோயில்! அஸ்வான் அணை கட்டியபோது நைல் கரையில் பல பழைய கோயில்கள் மூழ்கவிருந்தன. காப்பாற்ற உதவியதற்கு நன்றியாக, 1968-ல் எகிப்து இதை ஸ்பெயினுக்குக் கொடுத்தது. கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து பொருத்தி, 1972-ல் திறந்தார்கள். உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை. மேடான இடம், மேற்கே தடையில்லாத வானம். ஒன்பதே முக்காலுக்கு அங்கே சூரியன் இறங்குவதைப் பார்க்க ஊரே புல்லில் உட்கார்ந்திருந்தது. நாங்களும் உட்கார்ந்தோம். அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசி இரவு, எந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் வராத ஓர் இடம். சம்பெரி பகுதியிலுள்ள பிளாசா டெ ஒலாவிடே. வட்டமான சதுக்கம், நடுவில் மரங்கள், குழந்தைகள் விளையாடும் இடம், சுற்றிலும் தெருவில் போட்ட மேசைகள். இரவு பத்தரை மணிக்குப் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். அம்மா வயதுப் பெண்கள், அவரைவிட மூத்தவர்களும், உதட்டுச் சாயம் பூசி, விசிறியோடு பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். துணைக்கு யாரும் வரவில்லை. அவர்களுக்கு அவர்களே துணை.

நான் ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அம்மா ஒரு பெஞ்சில் இடம்பிடித்திருந்தார். பக்கத்துப் பாட்டி அம்மாவின் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய விசிறியை வாங்கி விரித்து மடக்கிப் பார்த்தார். அவர் ஸ்பானிஷில் என்னவோ கேட்க, அம்மா என்னைக் காட்டி "என் பொண்ணு" என்றார். பிறகு ஒரு விரலை மேலே வானத்துக்குக் காட்டினார். அந்தப் பாட்டியும் தன் விரலை அதேபோல மேலே காட்டினார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் விமானம். பெட்டி கட்டவில்லை, காபி அரைவையை எதில் சுற்றுவது என்று முடிவாகவில்லை. மணி பதினொன்றே கால். "கிளம்பலாமாம்மா?" என்றேன்.

"என்னடி அவசரம்? இப்பத்தானே வெயில் தாழ்ந்துச்சு."