நாணயம்

எதிர் வீட்டுப் பாட்டிக்குப் பாங்கியில் கணக்குத் திறந்து வைத்தவன் அடியேன்தான். "அரிசிப் பானையில் கிடக்கும் பணம் குட்டி போடுமா? பாங்கியில் போடுங்கள், பாட்டி. உங்களுக்கும் வட்டி வரும், தேசத்துக்கும் உதவும்" என்று வகுப்பில் பிரசங்கம் செய்கிற வழக்கத்தில் சொல்லிவிட்டேன். கரும்பு விற்ற பணத்தைப் பாட்டியும் என்னை நம்பிப் போட்டாள்.

சென்ற மாதம் எவனோ ஒருவன், "பாங்கி மானேஜர் பேசுகிறேன்" என்று டெலிபோனில் அழைத்தான். கைப்பேசியில் வந்த ரகசிய எண்ணைப் பேத்தியைக் கொண்டு வாசிக்கச் செய்தாள் பாட்டி. ஐந்து நிமிஷத்தில் 40,000 ரூபாய் மாயமாயிற்று. விஷயம் என் காதுக்கு எட்டி, 1930 என்ற எண்ணில் புகார் செய்வதற்குள் இரண்டு நாள் கடந்துவிட்டது. பாட்டி என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சப் பணத்தை எடுத்து வந்து பழையபடி பானையில் வைத்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நம் முன்னோர் பணத்துக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே பெயர் வைத்தார்கள். இரண்டாவது நாணயம் போனால் முதல் நாணயம் ஒளிந்துகொள்ளும் என்பதை அறிந்துதான் வைத்தார்கள் போலும்!

1906 அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. துரைமார் கம்பெனியாயிற்றே என்று நம்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதில் முழுகிற்று. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போன பணம் கிடைத்துவிடுமா? 2018-ல் பஞ்சாப் நேஷனல் பாங்கியில் வெளிப்பட்ட மோசடியோ 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. திருடர்களின் சாமர்த்தியமும் காலத்தோடு வளர்ந்துதான் வருகிறது.

களவு போன தொகை மட்டுமா நஷ்டம்? பயந்து பானைக்குள் போன பணத்துக்குக் கரும்புக் கடன் கொடுக்கத் தெரியாது. கிணறு வெட்டத் தெரியாது. தொழிற்சாலை எழுப்பத் தெரியாது. ஒரு வீட்டின் பயம் ஊரின் பயமானால் தேசத்தின் தொழிலே படுத்துவிடும்.

ஆனால், அன்று சென்னைவாசிகள் பானையைத் தேடி ஓடவில்லை. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோர் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1907 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியன் பாங்கி பிறந்தது. போன நம்பிக்கைக்கு மருந்து, நம்பத் தகுந்த மனிதர்களே.

இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சிறு கூட்டம் கூடுகிறது. "எந்தப் பாங்கியும் ரகசிய எண்ணைக் கேட்காது, ஏமாந்தால் அந்தக் கணமே புகார் செய்யுங்கள்" என்று சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டியும் தவறாமல் வந்து உட்காருகிறாள். பானையை மட்டும் இன்னும் திறக்கவில்லை.