கொடையா, கைமாற்றா?

லண்டனில் முதல் வீடு வாங்கப் புறப்படும் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் வங்கி கேட்கும் தாள்களில் மிகச் சிறியது ‘கிஃப்ட் லெட்டர்’. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. முற்பணத்துக்குப் பணம் கொடுக்கும் தாயோ தகப்பனோ அதில் கையெழுத்திட வேண்டும். இந்தப் பணம் கொடை, திருப்பித் தர வேண்டியதில்லை, இதற்காக அந்த வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதுதான் அதன் சாரம். சம்பளச் சீட்டு, கணக்கு அறிக்கை, அடையாளப் பத்திரம் என்று வாரக்கணக்கில் தேடிக் களைத்திருக்கும் குடும்பம் அதை ஒரு சடங்காக எடுத்துக்கொள்கிறது. ‘இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்கோ அப்பா’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மோர்கேஜ் எடுக்கும்போது நாம் படும் பாடுகளில் பின்னாளில் மிக ஆழமாகக் காயப்படுத்துவது இந்தத் தாள்தான் என்பது என் கருத்து. சட்டம் கொடை, கடன் என்ற இரண்டு சொற்களைத்தான் நம்முன் வைக்கிறது. நம் வீடுகளில் கைமாறும் பணமோ பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடையே நிற்கிறது.

அந்த இடைப்பட்ட பணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் உதவி. மகனின் வீட்டுக்குத் தகப்பன் 25,000 பவுண் கொடுக்கிறார். தவணை பேசவில்லை, வட்டி பேசவில்லை. ஆனால் தங்கச்சியின் கலியாணம் வரும்போது அண்ணன் முன்னுக்கு நிற்பான் என்ற கணக்கு அந்தப் பணத்துக்குள் இருக்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் இயலாத காலத்தில் அந்த வீட்டில் ஓர் அறை இருக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பணமும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்காது. சீட்டு எடுத்தது கொஞ்சம், நகை விற்றது கொஞ்சம், சித்தப்பாவிடம் வாங்கிய கைமாற்று கொஞ்சம், ஊரில் காணி விற்று வந்தது மீதி. இத்தனை பேரின் எதிர்பார்ப்பைத் தாங்கி வரும் தொகையைத்தான் வங்கியின் படிவம் ‘கொடை’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கிறது.

வங்கி ஏன் இப்படி வற்புறுத்துகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில், ஒருவர் பெயரில் வாங்கும் வீட்டுக்கு இன்னொருவர் பணம் போட்டால், அது கொடை என்று தெளிவாக்கப்படாத இடத்தில், போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கு தனக்கு உண்டு என்று அவர் வாதாட இடமுண்டு. அவர் அதே வீட்டில் குடியிருந்தால் அந்த உரிமை வங்கியையே கட்டுப்படுத்தக்கூடும். 1980இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த போலண்ட் வழக்கு இதற்குச் சாட்சி. கணவன் பெயரில் மட்டும் பதிந்திருந்த வீட்டை வாங்க மனைவியும் பணம் போட்டிருந்தாள், அங்கேயே வாழ்ந்தாள். கணவன் வீட்டை அடகு வைத்துவிட்டுக் கடனைக் கட்டத் தவறியபோது, வங்கியால் அவளை எழுப்பி வீட்டைக் கைப்பற்ற முடியவில்லை. அந்தப் பயத்தில்தான், கடனில் பெயரில்லாமல் வீட்டில் வசிக்கப்போகும் வயதுவந்தவர் ஒவ்வொருவரிடமும் வங்கிகள் தனியாக ஒரு சம்மதப் படிவம் வாங்குகின்றன. பிள்ளையோடு வந்து தங்கப்போகும் பெற்றோர் இந்த இரண்டு தாள்களிலும் கையெழுத்திடுகிறார்கள். பணத்தையும் விட்டுக்கொடுத்து, அந்தக் கூரையின் கீழ் இருக்கும் உரிமையையும் வங்கிக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்?

இங்கே முதல் மறுப்பு வரும். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், கடிதத்தில் கொடை என்று எழுதிவிட்டு மாதம் மாதம் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கு நட்டம் என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 450,000 பவுண் வீட்டுக்கு 10 சதவீத முற்பணம் 45,000. மீதி 405,000 பவுணை வருமானத்தின் நாலரை மடங்குக்குள் வங்கி தர வேண்டுமானால், தம்பதியின் ஆண்டு வருமானம் 90,000 பவுணாவது இருக்க வேண்டும். பெற்றோரின் பணம் முற்பணத்தைக் கூட்டுமே தவிர இந்த வருமானத்தைக் கூட்டாது. 405,000 பவுணை 30 ஆண்டில் கட்டித் தீர்க்க 2 சதவீத வட்டிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,500 பவுண், 5 சதவீதத்துக்கு ஏறக்குறைய 2,170. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 நவம்பரில் 0.1 சதவீதமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் அது 5.25 சதவீதம். அந்த ஏற்றம் வந்தபோது, அப்பாவுக்கு மாதம் 500 பவுண் இரகசியமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளில் எது நின்றுபோயிருக்கும்? மோர்கேஜா, அப்பாவின் பணமா? அப்பாவின் பணம்தான். கேட்க அவர் கையில் ஒரு தாளும் இல்லை, இருக்கிற ஒரே தாள் தனக்கு எதுவும் வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தது. கடனைக் கொடை என்று சொல்லி மோர்கேஜ் வாங்குவது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்துக்குள் வரக்கூடிய பொய்யறிக்கை என்பது வேறு. சொலிசிட்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி வைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான கொள்வனவுகளில் அவர் வாங்குபவருக்கும் வங்கிக்கும் சேர்த்தே வேலை செய்கிறார். முற்பணம் கடன் என்று தெரிந்தால் அதை வங்கிக்கு அறிவிக்க வேண்டும், அதற்கு நீங்கள் சம்மதிக்காவிட்டால் விலக வேண்டும்.

இரண்டாவது மறுப்பில் நியாயம் அதிகம். இந்த விதிகள் சம்பளத்தை வங்கியில் வாங்கி அங்கேயே சேமிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை, நம்மைப்போலச் சேமிப்பவர்களைக் குற்றவாளிபோலப் பார்க்கின்றன என்பது அந்த மறுப்பு. உண்மைதான். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி சொலிசிட்டர் பணத்தின் மூலத்தை ஆராய வேண்டும். பணம் கொடுப்பவரின் பல மாதக் கணக்கு அறிக்கைகளைக் கேட்பார். இருபது பேர் நம்பிக்கையில் நடத்தும் சீட்டு அதில் விளக்கமில்லாத ஒரு பெருந்தொகையாக மட்டுமே தெரியும். வங்கிக்கு வெளியே உண்டியல் வழியில் வந்த பணத்துக்கு அனுப்பியவர் பெயரே இருக்காது. யாழ்ப்பாணத்தில் முறைப்படி உறுதி எழுதி விற்ற காணியின் பணமாயிருந்தாலும், அது லண்டன் கணக்குக்கு வந்த வழி தாளில் இல்லையென்றால் காணி உறுதி பாதிப் பதில்தான். சந்தேகம் எழுந்து சொலிசிட்டர் அதிகாரிகளுக்கு அறிக்கை கொடுத்துவிட்டால், அதை உங்களிடம் சொல்வதே அவருக்குக் குற்றம் ஆகலாம். காரணம் தெரியாமல் குடும்பம் காத்திருக்க, வீட்டை விற்பவர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். நேர்மையாக உழைத்துச் சேர்த்தவர்கள்மேல் விழும் இந்தச் சுமையைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த நியாயம், தெரிந்தே பொய்யெழுத அனுமதி ஆகிவிடாது. சீட்டுக் காசை வங்கி வழியாகக் கட்டலாம், சீட்டுக் கொப்பியைப் பத்திரப்படுத்தலாம், ஊர்ப் பணத்தை உரிய வங்கி வழியில் வீடு பார்க்கத் தொடங்கு முன்பே எடுப்பிக்கலாம். இவை வங்கிக்குப் பணிந்துபோவதற்காகச் செய்பவை அல்ல, நம் உழைப்புக்குச் சாட்சி வைத்துக்கொள்வதற்காகச் செய்பவை.

பெற்றோர்மீது அந்தக் கொடைக் கடிதம் முழுப் பாரமாக இறங்குவது பிள்ளையின் குடும்பம் உடையும்போது. மணவிலக்கு வழக்குகளில் குடும்பம் வாழ்ந்த வீட்டை, முற்பணம் யார் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்காமல், இருவருக்கும் பொதுவான சொத்தாகவே நீதிமன்றம் பெரும்பாலும் அணுகும். ‘அது கடன், என் பணத்தைத் தாருங்கள்’ என்று தகப்பன் அப்போது கேட்டால், அவரது கையெழுத்தோடு அந்தக் கடிதம் எதிரே வந்து நிற்கும். கடிதம் இல்லாவிட்டாலும், பெற்றோர் ஒருநாளும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று தோன்றும் கடன்களை நீதிமன்றங்கள் தளர்வான கடன் என்று பார்த்துப் பங்கீட்டில் ஒதுக்கிவிடுவதுண்டு. கடையோ பெற்றோல் நிலையமோ நடத்தும் தகப்பனாருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர் பின்னர் வங்குரோத்தானால், 1986ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டப்படி முந்தைய ஐந்து ஆண்டுகளில் கொடுத்த கொடைகளை மீட்க வழக்குத் தொடரலாம். மகளின் வீடும் அதற்குள் இழுபடும். கொடுத்தவர் 7 ஆண்டுக்குள் இறந்தால் அந்தத் தொகை மரபுரிமை வரிக் கணக்கில் சேரும் என்பது பலருக்கும் தெரிந்ததே. 325,000 பவுண் வரம்புக்குள் நிற்கும் குடும்பங்களை அது தொடாது.

பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதைத் தாளில் எழுதுவதா, அது நம் பண்பா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மறுப்புத்தான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, ஒரு வீட்டுக்குள் வரும் சொத்தை அது வந்த வழியைக்கொண்டு முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்து வைத்தது. மகளுக்கு வீடும் வளவும் கொடுத்த யாழ்ப்பாணத்துப் பெற்றோர் நொத்தாரிசை வைத்துச் சீதன உறுதி எழுதினார்கள். அந்த உறுதி மகள்மேல் சந்தேகப்பட்டு எழுதியதல்ல. நாளைக்கு மகளோ மருமகனோ சகோதரங்களோ ஒருவரோடொருவர் முகம் முறியக்கூடாது என்றே எழுதினார்கள். எழுதாமல் கொடுப்பதுதான் பண்பு என்ற எண்ணம் புலம்பெயர்ந்த பின் வந்தது. ஊரில் நொத்தாரிசு இருந்த இடத்தில் இங்கே வங்கியின் அச்சடித்த படிவம் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் படிவம் வங்கியைக் காப்பாற்ற எழுதப்பட்டது. நம்மைக் காப்பாற்றும் தாளை நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே வங்கி கேட்பதற்கு முன்னரே குடும்பம் தனக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். கொடை என்றால் முழுக் கொடை. பிறகு நல்லநாள் பெருநாளில் அதைச் சொல்லிக்காட்டுவதும் கூடாது. திரும்பி வரவேண்டிய பணம் என்றால் கொடைக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். பெரும்பாலான வங்கிகள் அந்த முற்பணத்தை ஏற்கமாட்டா, உண்மைதான். அப்போது சிறிய வீடு பார்க்கலாம். பெற்றோரின் சேமிப்பைச் சில ஆண்டுகளுக்குப் பிணையாக வைத்துப் பின் திருப்பிக் கொடுக்கும் மோர்கேஜ்களைத் தேடலாம். பெற்றோரும் சேர்ந்து கடனாளியாகி, வீடு பிள்ளையின் பெயரில் மட்டும் இருக்கும் ஏற்பாடும் உண்டு. தம்பதிக்குள் யார் பக்கத்துப் பணம் எவ்வளவு என்பதைச் சொலிசிட்டரைக் கொண்டு நம்பிக்கைப் பொறுப்புறுதியாக (‘டிக்ளரேஷன் ஒஃப் ட்ரஸ்ட்’) எழுதி வைக்கலாம். மணவிலக்கு நீதிமன்றத்தை அது முழுதாகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எழுதாததைவிட மேல். பெற்றோருக்குப் பிள்ளையின் சொலிசிட்டர் போதாது, தனியாக ஒருவர் வேண்டும். அதற்காகும் சில நூறு பவுணை வீண் செலவென்று நினைக்காதீர்கள். ஆங்கிலக் கடிதத்தை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர், அந்தப் பணத்தைப் பெறப்போகும் பிள்ளையாகவே பல வீடுகளில் இருக்கிறார். பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். கையெழுத்து வாங்குமுன் ‘இதற்காக இந்த வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை’ என்ற அந்த வரியைத் தமிழில் ஒருமுறை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு, யோசிக்க ஓர் இரவு கொடுங்கள்.